வயலை நிரப்பி வீடு கட்டலாமா? கொழும்பைச் சுற்றிக் காணி தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை கொடுத்துக் களைத்துப்போன குடும்பங்கள் வத்தளை, வெல்லம்பிட்டி, கடுவலை, பிலியந்தலை என்று காணி பார்க்கத் தொடங்கும்போது என்னிடம் வருகிறார்கள். வீட்டுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். பேனாவை எடுக்குமுன் காணியைப் போய்ப் பார்ப்பேன். அங்கே நின்று அவர்கள் கேட்பவையும், சதுப்பு நிலத்தைக் காக்க வேண்டும் என்று நான் பேசும் இடங்களில் எனக்கு எதிராக எழும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொழும்புக்கு இன்னும் நிறைய வீடுகள் வேண்டும். அவற்றில் ஒன்றுகூடத் தாழ்நிலத்தில் எழ வேண்டாம்.

லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் இருக்கிறதாமே, கொழும்பைச் சுற்றி அப்படி ஏதும் உண்டா?

நகரம் பரவாமலிருக்க அதைச் சுற்றிக் கட்டடம் ஏறாமல் காக்கும் அப்படியொரு வளையம் இங்கே இல்லை. 1944இல் லண்டனுக்குப் பசுமை வளையத்தோடு திட்டம் தந்த நகரத் திட்டமிடல் நிபுணர் பற்றிக் ஆபர்குரொம்பி 1948இல் கொழும்புக்கும் ஒரு திட்டம் வரைந்தார். ரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகிய இடங்களில் துணைநகரங்கள் வரவேண்டும் என்றார். நகரமோ காலி வீதி, ஹைலெவல் வீதி, கண்டி வீதி, நீர்கொழும்பு வீதி என்று வீதிகளைப் பிடித்துக்கொண்டே பரவியது. அவற்றுக்கிடையே கட்டடம் ஏறாமல் தப்பியது பள்ளம் மட்டும்தான். கொலன்னாவைச் சதுப்பு, கோட்டே, ஹீன் எல, தலங்கம, பெல்லன்வில-அத்திடிய, வடக்கே முத்துராஜவெல. கோரைப்புல், கைவிட்ட வயல், கங்குங் கீரைப் பாத்தி, நடுவே ஒரு கால்வாய். நம்முடைய பசுமை இதுதான்.

கொழும்புப் பெருநகரப் பகுதியில் இப்படி எஞ்சியிருப்பது சுமார் 20 சதுர கிலோமீற்றர். இதற்காகத்தான் 2018 ஒக்டோபரில் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. உலகில் முதன்முதலாக அதைப் பெற்ற 18 நகரங்களில் நம்முடையதும் ஒன்று.

வெறும் சேறும் புல்லும்தானே, அதனால் நமக்கு என்ன பயன்?

கொழும்பின் வெள்ளம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, மேலே மலையில் பெய்து களனி கங்கையில் இறங்கும் நீர். மற்றது, நம் தலைக்கு மேலேயே கொட்டும் மழை. களனி உயரும்போது அது நகருக்குள் ஏறாமலிருக்க அணையின் கதவுகளை மூடுவார்கள். மூடினால் உள்ளே பெய்த மழைக்கும் அந்த வழி அடைபடும். முகத்துவாரம், வெள்ளவத்தை, தெஹிவளை வழியாகக் கடலுக்குப் போகும் கால்வாய்கள் ஒடுக்கமானவை. அவை வடித்து முடிக்கும்வரை அத்தனை நீரும் எங்காவது காத்திருக்க வேண்டும். அது காத்திருக்கும் இடம்தான் சதுப்பு. அதை அடைத்தால் நீர் வெல்லம்பிட்டியில் யாரோ ஒருவரின் சமையலறையில் காத்திருக்கும்.

2016இல் வெளியான கொழும்பு ஈரநில முகாமைத்துவ உபாயத்துக்கான ஆய்வுகள், வெள்ள நேரத்து நீரில் ஏறத்தாழ 39 வீதத்தை இந்த நிலங்கள் ஏந்திக்கொள்கின்றன என்று கணக்கிட்டன. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 40 வீத நிலம் போய்விட்டது என்றும் கண்டன. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் கொழும்பில் 493.7 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2010 நவம்பரில் ஓர் இரவு மழைக்குப் பாராளுமன்ற வளாகமே நீரில் நின்றது. 2016 மே மாதம் களனி பெருகியபோது கொலன்னாவையில் படகில் சோறு கொண்டுபோனார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி மறுபடியும் கரை ஏறியது. களனியின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். அந்தப் பக்கத்துச் சனம் மழைக்காலத்தில் வானொலியில் முதலில் கேட்பது இந்த இலக்கத்தைத்தான்.

நான் நிரப்பும் பத்துப் பேர்ச்சில் என்ன குடிமுழுகிவிடும்?

கணக்குப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீற்றருக்குச் சற்று மேல். பத்துப் பேர்ச் சுமார் 253 சதுர மீற்றர். அதில் ஒரு மீற்றர் உயரத்துக்கு மண் போட்டால், அதுவரை அங்கே நிற்கக்கூடியதாக இருந்த இரண்டரை இலட்சம் லீற்றர் நீருக்கு இடமில்லை. 5,000 லீற்றர் பவுசர் ஐம்பதை வரிசையாக நிறுத்தி, பக்கத்து வீட்டு முற்றத்தில் திறந்துவிடுவது போன்றது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஏக்கர் கணக்கில் நிரப்பிப் பிளொக் போட்டு விற்பவரின் பங்கை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

தண்ணீர் எங்கும் மறைந்து போவதில்லை. உங்களைவிடத் தாழ்வாக இருக்கும் வீட்டுக்குப் போகும். பெரும்பாலும் அது முதலே அங்கே வந்து குடியேறிய ஏழை வீடாக இருக்கும்.

மண் போட்டு உயர்த்திவிட்டால் என் வீட்டுக்காவது ஆபத்து இல்லைத்தானே?

புரோக்கர் சொல்லும் வசனம் எனக்கு மனப்பாடம்: "அண்ணே, நாலு லோட் கிறவல் போட்டா முடிஞ்சுது." முடியாது. கொலன்னாவை, முத்துராஜவெல பக்கங்களில் மேலே கிறவல், கீழே பஞ்சுபோல நீர் ஊறிய கறுப்புச் சேறு. அழுகிய தாவரம் நூற்றாண்டுக்கணக்காகப் படிந்த மண் அது. மேலே பாரம் ஏறினால் நீரை விட்டுக்கொண்டு வருடக்கணக்காக அமுங்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக அல்ல.

வெல்லம்பிட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்கு மேல்மாடி போட முடியுமா என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். நடு வீடு ஆழத்துக்குப் பைல் தூண் இறக்கிக் கட்டியது, நேராக நின்றது. முன் விறாந்தை சாதாரண அத்திவாரத்தில். விறாந்தைத் தரைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் வெடிப்பு; அதற்குள் சீமெந்து ஊற்றி, அது மறுபடி வெடித்து, மறுபடி ஊற்றி, மூன்று நிறத்தில் கோடு தெரிந்தது. மழை தொடங்கினால் மலசலகூடக் குழியில் நீர் மேலே வரும் என்று அந்த வீட்டு அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். நிலத்தடி நீர் ஒன்றரை அடியில் நிற்கும் இடத்தில் குழி எப்படி வடியும்? மேல்மாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குடும்பம் வெளிநாட்டில் உழைத்த காசு முழுவதும் அந்தக் கிறவலுக்குக் கீழே இருக்கிறது.

அப்படியானால் சனம் எங்கே போவது? காணி விலை தெரியாமல் பேசுகிறீர்களா?

தெரிந்துதான் பேசுகிறேன். இந்தக் கேள்வி நியாயமானது. சூழல் பற்றிப் பேசுபவர்கள் பலர் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள்.

குடிசன மதிப்பீட்டை எடுத்துப் பாருங்கள். 1981இல் கொழும்பு மாநகரத்தில் சுமார் 5 இலட்சத்து 88 ஆயிரம் பேர். 2012இல் சுமார் 5 இலட்சத்து 60 ஆயிரம். முப்பது ஆண்டுகளில் நகரத்துக்குள் சனத்தொகை கூடவே இல்லை. அதே காலத்தில் கொழும்பு மாவட்டம் 17 இலட்சத்திலிருந்து 23 இலட்சமாக வளர்ந்தது. 2024 கணக்கெடுப்பில் கம்பஹா மாவட்டம் 24 இலட்சத்தைத் தாண்டி கொழும்பையே முந்திவிட்டது. வந்த சனம் முழுவதும் வெளியே பரவியிருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். தண்ணீர்க் குழாய், மின்சாரம், பாடசாலை, ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் ஏற்கெனவே இருக்கும் 37 சதுர கிலோமீற்றர் நகரத்தைச் சும்மா விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத பள்ளத்தில் கிறவல் கொட்டுகிறோம்.

நகரத்துக்குள் இடம் இருக்கிறது. பழைய களஞ்சியங்கள், ரயில்வே காணிகள், உரிமை வழக்கில் கிடக்கும் வளவுகள், ஒற்றைமாடிக் கடைத்தொகுதிகள். வெளியே போவதானாலும் உயர்ந்த தரையில், ரயில் பாதையை ஒட்டிப் போகலாம். களனிவெளிப் பாதையில் நுகேகொட, மஹரகம, ஹோமாகம. பிரதான பாதையில் ராகம, கம்பஹா. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் நான்கு மாடி, ஐந்து மாடி வீடுகள். 15.7 கிலோமீற்றர் நீளத்துக்கு மாலபேயிலிருந்து கோட்டை வரை வரவிருந்த இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டதை நான் வீட்டுப் பிரச்சினையாகவும் பார்க்கிறேன். அது வந்திருந்தால் அதன் 16 நிலையங்களைச் சுற்றி எத்தனை குடும்பங்கள் வயலைத் தொடாமல் வாழ்ந்திருக்கலாம்!

வெறுமையாகப் போட்டு விலை ஏறக் காத்திருக்கும் காணிக்கும், பூட்டிக் கிடக்கும் சொகுசு மாடிக்கும் கூடுதல் வரி போட வேண்டும் என்பதும் என் கருத்து. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இரவு நடந்தால் விளக்கே எரியாத மாடிகளைப் பார்க்கலாம். அவற்றில் பல புலம்பெயர்ந்த நம் உறவுகள் வாங்கியவை. ஆண்டுக்கொருமுறை வந்து போகிறவர்கள் ஒரு குடும்பத்துக்கு நியாயமான வாடகைக்குக் கொடுத்தால், அந்தக் குடும்பம் வத்தளையில் சதுப்புத் தேடிப் போகாது.

தொடர்மாடி எங்களுக்கு ஒத்துவராது. மண்ணில் கால் படாமல் எப்படி வாழ்வது?

ஒத்துவராமல் போனதற்குக் காரணம் மாடி அல்ல, அதைக் கட்டிய விதம். 2001இல் பொரளைப் பக்கம் எழுந்த சஹஸ்புர 14 மாடி. அதன் பிறகு 2010 முதல் நகர மீளுருவாக்கத் திட்டத்தில் எழுந்த கட்டடங்களில் ஒரு வீட்டின் அளவு சுமார் 400 சதுர அடி. மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் வீட்டை அந்த 400 அடிக்குள் அடைத்தால், மகள் எங்கே உடுப்பு மாற்றுவாள்? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எங்கே இருப்பான்? லிப்ட் பழுதானால் பன்னிரண்டாம் மாடியிலிருந்து பிரேதத்தை எப்படி இறக்குவது? இதையெல்லாம் யாரும் கேட்காமல் கட்டியிருக்கிறார்கள்.

நான் வரையும்போது வைத்துக்கொள்ளும் விதிகள் எளியவை. ஐந்து மாடிக்கு மேல் வேண்டாம். அப்போது லிப்ட் நின்றாலும் வாழ்க்கை நிற்காது. ஒவ்வொரு மாடியிலும் மிளகாய் காயப்போடவும், பிள்ளைகள் ஓடவும் அகலமான நடை. கீழே கடைகளும், கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஒரே மண்டபமும். சாமி அறைக்கு ஒரு மூலை, அது கழிப்பறைச் சுவரோடு ஒட்டாமல். 650 சதுர அடிக்குக் குறையாமல். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் இருக்கிறது. குடியிருப்போர் சேர்ந்து முகாமைத்துவம் செய்யலாம். மாதப் பராமரிப்புக் காசைப் பற்றி வாங்குவதற்கு முன்பே பேசுங்கள். நம் ஆட்கள் சுவரின் நிறத்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவார்கள், தண்ணீர் மோட்டார் பழுதானால் யார் காசு கொடுப்பது என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

நகரத்துக்குள் கட்டுவது என்றால் தோட்டத்துச் சனத்தை, அதாவது நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் இருக்கும் ஏழைகளை, விரட்டுவதுதானே?

அப்படி நடந்திருக்கிறது. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. சுமார் 68,000 குடும்பங்கள் நகரின் தோட்டங்களிலும் முடுக்கு வீடுகளிலும் இருந்ததாக அன்றைய அரச கணக்கு. அவர்கள் இருந்த நிலமோ நகரத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த நகரத்தில் நிலத்தை மிகச் சிக்கனமாகப் பாவிப்பவர்கள் அவர்கள்தான்.

வேறு வழியும் நாம் கண்டதுதான். 1984 முதல் 1989 வரை நடந்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், கொழும்புத் தோட்டங்கள் சிலவற்றை இருந்த இடத்திலேயே சீர்படுத்தினார்கள். பாதை, பைப், கழிவறை, சிறு கடன்; வீட்டைக் குடும்பமே கட்டியது. தோட்டத்தைக் கேட்டுக் கட்டினால் தோட்டத்திலேயே இன்னும் இரண்டு மடங்கு குடும்பங்கள் மரியாதையாக வாழலாம்.

ஏற்கெனவே சதுப்பில் வீடு கட்டி இருப்பவர்களை என்ன செய்வது?

அவர்களைக் குற்றவாளிகளாக்கக் கூடாது. வேறு இடம் கிடைக்காததால் போனார்கள். பக்கத்திலேயே, பிள்ளைகளின் பாடசாலை மாறாத தூரத்தில், காணி உறுதியோடு வீடு கொடுத்துவிட்டுத்தான் எழும்பச் சொல்ல வேண்டும். மீதொட்டமுல்லையில் தாழ்நிலத்தில் நகரத்தின் குப்பையைக் கொட்டி மலையாக்கினோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அது சரிந்து 32 உயிர்கள் போயின. சாகும்வரை அந்தச் சனம் முறைப்பாடு செய்துகொண்டே இருந்தது.

சதுப்பை நிரப்பினால் டெங்குவாவது குறையும் அல்லவா?

குறையாது. டெங்கு நுளம்பு முட்டையிடுவது சிரட்டை, டயர், பீலி, பூச்சாடித் தட்டில் தேங்கும் தெளிந்த நீரில். மீனும் தவளையும் தும்பியும் இருக்கும் சதுப்பு அதற்கு உகந்த இடமல்ல. 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்த 2017இல் அதிகம் அடிபட்டது மேல் மாகாணம். அரைகுறையாக நிரப்பி, கால்வாயை அடைத்து, கட்டடக் குப்பையைப் போட்டுவிட்ட காணிகள்தான் நுளம்புக்கு வசதி.

பாராளுமன்றமே சதுப்பில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையும் அப்படித்தான். சட்டம் எங்களுக்கு மட்டுமா?

இந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. 1982இல் திறந்த பாராளுமன்றத்துக்காகத் தியவன்னா ஓயாச் சதுப்பில் சுமார் 120 ஹெக்டேயரைத் தோண்டி வாவியாக்கினார்கள். நீருக்கு அங்கே இடமாவது விட்டார்கள். 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை முத்துராஜவெலவை ஊடறுத்துப் போனது. பாதை போகும் இடத்துக்குப் பின்னாலேயே காணி வியாபாரமும் போகும். தலங்கம வாவியைச் சுற்றிய நிலம் 2007இல் சூழல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அதன் மேலாலேயே உயர்த்திய நெடுஞ்சாலை என்று திட்டம் வந்தபோது ஊர்ச் சனம் எழுந்து எதிர்த்தது. அந்த எதிர்ப்புக்கு நாம் தமிழிலும் குரல் கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்கள் நிரப்பினார்கள் என்பது அவர்களைத் தடுக்கக் காரணம். நாமும் நிரப்ப அனுமதி அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

வயல் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம்: கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. தாழ்நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் வடிகால் அனுமதி வேண்டும். 1968இல் தாழ்நிலத்தை மீட்டுக் கட்டடத்துக்குக் கொடுக்கவே தொடங்கப்பட்ட அமைப்பின் வழிவந்தது அது. இன்று அதே கையில்தான் எஞ்சிய சதுப்பின் காவலும் இருக்கிறது. நான்கு ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்பினால் சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம், அந்த அறிக்கையைப் பொதுமக்கள் 30 வேலை நாட்களுக்குள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். ஓட்டை எங்கே என்று தெரிகிறதா? துண்டு துண்டாக நிரப்பினால் நான்கு ஹெக்டேயரை யாரும் எட்டுவதே இல்லை.

காணி பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

மழை பெய்து அடுத்த நாள் போங்கள். புரோக்கர் வெயில் நாளில்தான் கூட்டிப்போவார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். நிரப்பிய தரை காலுக்குத் தெரியும். எல்லைக் கானில் மண்ணின் வெட்டு முகம் தெரிந்தால் பாருங்கள்: மேலே சிவப்பு, கீழே கறுப்பு என்றால் அது நிரப்பியது. பக்கத்தில் கோரையும், குட்டையில் ஆகாயத்தாமரையும், கரையில் பழம் தொங்கும் வெல் ஆத்தா மரமும் நின்றால் இன்னும் உறுதி. அயல் வீட்டுச் சுவர்களில் வெள்ளக் கோடு தேடுங்கள். கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு "2016இல் இங்கே எவ்வளவு ஏறியது?" என்று கேளுங்கள். விற்பவர் மறைப்பதைக் கடைக்காரர் சொல்வார்.

பிறகு கடதாசி. உறுதியில் காணியின் பழைய பெயர் கும்புர, தெனிய, ஓவிட்ட என்று முடிந்தால் அது வயலோ வயலை ஒட்டிய நிலமோ. கமநல சேவை நிலையத்தின் நெற்காணிப் பதிவேட்டில் பாருங்கள். காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவை நொத்தாரிசு மூலம் தேடுங்கள். உள்ளூராட்சி மன்றத்தில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் வலய வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். முற்பணம் கொடுத்த பிறகு இதையெல்லாம் செய்து பயனில்லை.

வங்கி கடன் தருகிறதே, பிளானும் பாஸ் ஆகிறதே?

வங்கி பார்ப்பது உறுதியையும் உங்கள் சம்பளத்தையும். வெள்ளம் வந்தாலும் மாதத் தவணை நிற்காது. பாஸ் ஆன பிளான் மண்ணுக்கு உத்தரவாதம் அல்ல.

வத்தளை, ஹெந்தளைப் பக்கம் முத்துராஜவெலவை ஒட்டிய காணி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். முத்துராஜவெல சுமார் 3,000 ஹெக்டேயர் சதுப்பு. வடபகுதி 1996இல் சரணாலயமானது. தென்பகுதிக்கு அந்தக் காவல் இல்லை. கொழும்புக்கு அண்மையாகவும் இருப்பதால் ஓரம் ஓரமாகக் கரைகிறது. தண்டுகம் ஓயாவின் நீரும் களனிப் பெருக்கின் ஒரு பங்கும் ஓய்வெடுக்கும் இடம் அது. நீர்கொழும்புக் களப்பில் இறாலும் மீனும் பெருகுவது இந்தச் சதுப்பை நம்பித்தான். களப்பில் தொழில் செய்யும் குடும்பங்களில் தமிழ் பேசுவோரும் இருக்கிறார்கள். வத்தளையில் நீர்கொழும்பு வீதியை ஒட்டிய உயர்ந்த தரையில் சிறிய மாடிவீடு வாங்குங்கள். பேர்ச் குறையும், நித்திரை வரும்.

பக்கத்தில் இரவோடு இரவாக நிரப்புகிறார்கள். எங்கே சொல்வது?

கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், மத்திய சுற்றாடல் அதிகார சபை, பொலிஸ். வயல் என்றால் கமநல சேவை நிலையமும். எழுத்தில் கொடுங்கள், தமிழிலேயே கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அனுமதி இருக்கிறது என்று சொன்னால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அனுமதியின் பிரதியைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவைச் சொல்ல வேண்டும். படம் எடுக்கும்போது அயல் சுவரோ மின்கம்பமோ அதற்குள் தெரியட்டும். மண் எவ்வளவு உயர்ந்தது என்று பிறகு காட்ட அதுதான் அளவு. லொறிகள் பெரும்பாலும் நீண்ட விடுமுறை நாட்களில்தான் வருகின்றன. ஆகவே முதல் லொறியைக் கண்டதும் அறிவியுங்கள், திங்கட்கிழமைவரை பொறுக்க வேண்டாம்.